பாதருடைய குடும்ப விபரம்

சுனாமிக்குப் பிறகு ஐந்து வாரம் நாங்கள் ஒரு வேதக்கோயில் மண்டபத்தில் இருந்தோம். சாய்ந்தமருதில் எங்கள் வீடு நின்ற இடத்தில் மணல்தான் மிச்சம். ஓடிய ஓட்டத்தில் சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் போய் நின்றோம். அந்தக் கோயில் பங்கின் பாதர் நெட்டையான, அதிகம் சிரிக்காத மனிதர். மறுநாள், தொழ இடம் கேட்பதற்கு வாப்பா கூச்சப்பட்டுக்கொண்டு நிற்க, "கிப்லா எந்தப் பக்கம்?" என்று அவரே கேட்டார். நாங்கள் முகம்வைத்துத் தொழவேண்டிய பக்கமென்று வாப்பா காட்டிய இடத்தில் கிறிஸ்மஸ் குடில் இருந்தது. முந்தாநாள் பிறந்த பாலனையும் மாதாவையும் மாடுகளையும் பாதர் தன் கையாலேயே தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனார். கடைசி ஆட்டுக்குட்டியை மட்டும் என்னிடம் தந்தார். எனக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவருக்கு மேலே ஒரு ஆள் இருக்கக்கூடும் என்றே நான் நினைக்கவில்லை.

அப்படி ஒரு ஆள் இருந்தார், பிஷப் என்கிற ஆயர். இரண்டு வருடம் கழித்து ஆயர் பாதருக்கு இடமாற்றம் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதுவும் வடக்கே, மறுபடி சண்டை மூண்டு சனம் அகதியாக அலைந்த இடத்துக்கு.

வாப்பா பள்ளிக்கூட ஆசிரியர். இடமாற்றத்தை நிறுத்துவதில் ஊரில் அவரை விஞ்ச ஆளில்லை. "மறைமாவட்டமெண்டா என்ன, அதுவும் ஒரு கந்தோர்தானே," என்று சொல்லி, கல்வி அலுவலகத்துக்கு எழுதுவதுபோலவே மேன்முறையீடு எழுதினார். பங்குச் சனமும் எங்கள் ஆட்களும் கையெழுத்து வைத்தார்கள். வேன் பிடித்துப் பட்டணத்து ஆயர் இல்லத்துக்குப் போனோம். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

ஆயர் நிதானமாக வாசித்தார். மூன்றாம் பந்தியில் நின்றார்.

"பாதர்ட குடும்பம் இங்க இருக்கெண்டு எழுதியிருக்கீங்க. பிள்ளைகள் இங்கதான் படிக்கிறாங்களாம்."

ஆசிரியர்மாருக்கு எழுதிக்கொடுத்துப் பழகிய கை, கல்யாணமே கட்டாத பாதருக்கும் அந்தப் பந்தியைத் தன்பாட்டில் எழுதியிருந்தது. கூட வந்த பங்குச் சனம் தலையைக் குனிந்துகொண்டது. வாப்பாவின் முகம் கறுத்துப்போனது. பிறகு நிமிர்ந்தார்.

"அது நாங்கதான் சேர்."

ஆயர் சிரிக்கவில்லை. மேசை லாச்சியைப் பாதி திறந்தார், பிறகு மூடினார். "மாத்த ஏலாது. என்னைப் பேசுற அளவுக்குப் பேசிட்டுப் போங்க," என்றார்.

பேசினார்கள். கல்நெஞ்சுக்காரர் என்றுகூட ஒருவர் சொன்னார். தேத்தண்ணி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் அந்த மனிதர். எனக்கு ஒரு டொபி நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு அதில் ஒரே பெருமை.

பாதர் பயணம் சொல்ல வீட்டுக்கு வந்தார். "ஆயர் ஆண்டகையோட கோவிக்காதீங்க, அவர் பாவம்," என்றார். பெரியவருக்குப் பயந்து கதைக்கிறார் என்று நினைத்தேன். பாதர்மீதும் அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

யுத்தம் முடியும்வரை அவர் அந்த அகதிச் சனத்தோடேயே இருந்தார். அதன் பிறகு ஒருநாள், ஓய்வு பெற்றிருந்த ஆயரைப் பார்க்க வாப்பா என்னையும் கூட்டிப்போனார். அன்று லாச்சிக்குள் கிடந்தது பாதரின் கடிதம் என்று ஆயர் அப்போதுதான் சொன்னார். போகக் கேட்டதே பாதர்தான். தெரிந்தால் சனம் காலைப் பிடித்துக்கொள்ளும், சொல்லவேண்டாம் என்றும் எழுதியிருந்தாராம். நாங்கள் பேசிவிட்டுப் போனபிறகும் ஆயருக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் மேன்முறையீட்டைப் பாதருக்கே அனுப்பி, இன்னொருமுறை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப் போய்த் திரும்பி வந்த தாளை எடுத்து வாப்பாவிடம் தந்தார். மூன்றாம் பந்திக்குப் பக்கத்தில் பாதரின் சின்னக் கையெழுத்து இருந்தது.

"குடும்பம் இங்கே இருப்பது உண்மை. ஆனாலும் என்னை அனுப்புங்கள்."