மாதனூருக்குக் கொண்டுபோன பெட்டி

1981 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி ரயிலுக்காகச் சென்னை சென்ட்ரலில் நின்றபோது என் கையில் ஒரு பெட்டி கனத்தது. உள்ளே, ஃபிலிமைக் கையால் சுற்றிக் கண்ணாடி வழியே பார்க்கும் சிறு கருவி. கோடம்பாக்கத்தில் எடிட்டராக இருக்கும் நண்பரிடம் கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கியது. எட்டுக் கிலோவாவது இருக்கும்.

பழைய சினிமாவைப் பற்றி ஒரு மாத இதழில் எழுதுவது என் பிழைப்பு. இந்த முறை நான் பார்க்கப் போனது மாதனூரில் இருக்கும் முனிரத்தினத்தை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். ராஜா வருவதை அறிவித்துவிட்டு, நடுநடுவே சனங்களைப் பார்த்துக் கிண்டல் பேசும் கோமாளி வேஷம் அது. பேசும்படம் வந்த புதிதில் ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறார். கம்பெனியை மூடிய முதலாளி அந்தப் படத்தின் இரண்டு சுருளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்து வேறு பிரதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தன்னைத் திரையில் அவர் பார்த்ததே கிடையாது. "படம் ஓடுற நேரம் நமக்குக் கூத்து நேரம்" என்று மகனை விட்டு எழுதச் சொல்லியிருந்தார். கருவியோடு வருகிறேன் என்று நான் பதில் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பொங்கல் கழியட்டும், பங்குனி கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் சோம்பல்தான்.

ஒன்பது மணிக்குக் காட்பாடி. நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வேலூர். பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு டீ. ஆம்பூர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தையல் மிஷினா?"

"சினிமா பார்க்கிற மிஷின்."

"சினிமாவோ சர்க்கஸோ, லக்கேஜ் போட்டுத்தான் ஆகணும்."

எனக்கு இரண்டு ரூபாய், பெட்டிக்கு ஐம்பது பைசா. பள்ளிகொண்டா தாண்டியதும் தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியே வந்தது. நான் கைக்குட்டையை எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "ஞாயித்துக்கெழம, அதான் கம்மி. நாளைக்கு வந்து பாருங்க, ஜாஸ்தியா இருக்கும்" என்றார், ஊர்ப் பெருமையைச் சொல்வது போல.

பதினொன்றரைக்கு மாதனூர். ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனேன். சின்னக் கூரை வீடு. வரும் தேதியைக் கார்டில் எழுதியிருந்தேன்; வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார் முனிரத்தினம். எழுபது தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது.

"வாங்க சார், வாங்க. பொட்டி வந்துச்சா, நீங்க மட்டும் வந்தீங்களா?"

மருமகள் மோர் கொடுத்தாள். பேரப்பிள்ளைகள் மூன்றும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. நான் நோட்டுப்புத்தகத்தை விரித்தேன். படப்பிடிப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பேஜார் சார். கூத்துல ராஜாகிட்ட ஒரு பேச்சு பேசினா, சனங்களப் பாத்து ஒரு பேச்சு பேசணும். அப்பதான் கட்டியக்காரன். அங்க சனமே இல்ல. காமிராதான் இருந்துச்சி. சரி, இதுதான் சனம்னு நெனச்சி, அதப் பாத்து ஒண்ணு சொன்னேன். டைரக்டர் கத்துறாரு, காமிராவப் பாக்காதன்னு. அடுத்த தபாவும் பாத்துட்டேன். பழக்கம் விடுமா? நாலாவது தபா அவரே சிரிச்சிட்டாரு. போகட்டும்னு விட்டுட்டாரு."

"அதைப் படத்தில் வைத்தார்களா?"

"அதத்தான் சார் பாக்கணும்! நாப்பத்தஞ்சி வருஷமா அதுதான் நெனப்பு."

அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் ஒருவன் படம் பார்ப்பவர்களிடம் நேராகத் திரும்பிப் பேசுவதை நான் கண்டதில்லை. அது மட்டும் அந்தச் சுருளில் இருந்தால் பத்துப் பக்கம் எழுதுவேன்.

"ஏழுமலை, டப்பாவ எடு" என்றார்.

மகன் ஏழுமலை தோல் தொழிற்சாலை ஒன்றில் மெருகேற்றும் பிரிவில் வேலை செய்கிறவர். அதுவரை கதவோரமாகவே நின்றிருந்தார். இப்போதும் அசையவில்லை.

"டப்பா இருக்குது நைனா. உள்ள ஒண்ணும் இல்ல."

பெரியவருக்குப் புரியவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க மாசாமாசம் அனுப்புற புஸ்தகத்துல நீங்கதான சார் எழுதியிருந்தீங்க? பழைய ஃபிலிம் வீட்ல இருந்தா வெடிமருந்து மாதிரி, சூடு பட்டாலே பத்திக்கும்னு. மத்ததெல்லாம் நைனாவுக்குப் படிச்சிக் காட்டுவேன். அத மட்டும் படிக்கல. கூரை வீடு. கட்டிலுக்கு மேல பசங்க படுக்குதுங்க, கீழ அது. எனக்கு ஒரு வாரம் தூக்கமே இல்ல. எங்க கம்பெனியில தோஸ்த் ஒருத்தன் தோலுக்குப் பூசுற லேக்கர் கலக்குறான். பழைய ஃபிலிம சலவை சோடா போட்ட வெந்நீர்ல ஊறப் போட்டா படம் கழண்டுடும். மிச்சத்த தின்னர்ல கரைச்சா தோலுக்கு நல்லா ஷைனிங் ஏறும். சித்திரையில குடுத்துட்டேன். நீங்க மட்டும் எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது சார்."

கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பத்தியும் எழுதியிருந்தேன். குளிர்ச்சியான இடத்தில், நெருப்பு அண்டாமல் வைத்தால் பல வருஷம் கெடாது, எங்களுக்குத் தெரிவித்தால் வந்து எடுத்துக்கொள்வோம் என்று. படிப்பவர்களைப் பயமுறுத்தும் சுவாரசியம் அதனால் குறைகிறதென்று நானே அதை அடித்து நீக்கினேன். பங்குனி கழியட்டும் என்று தள்ளாமல் வந்திருந்தாலும் சுருள் இருந்திருக்கும். இரண்டையும் அவர்களிடம் சொன்னேன். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் குற்றமில்லை; அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

பெரியவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார். "பசங்க இருக்குதுங்கல்ல, விடு."

காமிராவைப் பார்த்து என்ன சொன்னீர்கள், அதையாவது எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டைப் பிரித்தேன். எழுந்து நின்றார். தோள்துண்டை இடுப்பில் கட்டி, பக்கவாட்டில் ஒரு ராஜா இருப்பது போல வணங்கினார். சட்டென்று என் பக்கம் திரும்பினார். கண்ணில் குறும்பு இருந்தது. வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. மறுபடியும் ராஜாவை வணங்கித் திரும்பினார். வரவில்லை.

"ஞாபகம் இல்ல சார்" என்று உட்கார்ந்தார். "வாய் அசையறதப் பாத்தா வந்துடும்னு இருந்தேன். படத்துல இருக்குதே, எங்க போய்டப் போவுதுன்னு விட்டுட்டேன்."

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஏழுமலை ரோடு வரை அதைத் தூக்கிவந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "அடிக்கடி வாங்க சார்" என்றார். காலடியில் பெட்டி. முன் சீட்டுக்காரரின் புதுச் செருப்பு பளபளத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்னைக்கு வந்ததும் நான் அடித்த பத்தியை இதழுக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டார்கள். முனிரத்தினம் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு பிரதி அனுப்புவது என் வழக்கம். அந்த இதழை மட்டும் அனுப்பவில்லை.