அர்த்தநாரி அண்ணனின் பதினாறாம் பக்கம்

எடப்பாடி அர்த்தநாரி அண்ணன் இறந்துவிட்டார். நெஞ்சு வலியாம்... முந்தாநாள். அவர் மகள் போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக பிரஸ் வைத்திருந்தவர். விரதக் கதை, அம்மன் பாட்டு, நல்லொழுக்கம்... எல்லாமே உள்ளங்கை அளவு, பதினாறு பக்க புக்கு.

பதினைந்து பக்கத்தில் விஷயம் முடிந்துவிடும். மிச்சம் ஒன்றைக் காலியாக விட அண்ணனுக்கு மனசு வராது. அவரே ஏதாவது எழுதிவிடுவார்.

"கோபம் வந்தால் தண்ணீர் குடி. தண்ணீர் இல்லையென்றால் கோபத்தைத் தள்ளிப் போடு."

"ஜன்னல் சீட் கிடைத்தவன் வெளியே பார்க்கவும். தூங்குவதற்கு அது எதற்கு?"

என் மனைவி கோகிலா அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே வாங்குவாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். எனக்குச் சிரிப்பில் ஹேண்டில் ஆடும்.

போன வருஷம் கோகிலா போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அவள் போட்டோ போட்டு ஒரு பாட்டு புக்கு அடிக்க அண்ணனிடமே சொன்னேன்.

ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் மில்லில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஒரு சென்சார் ரீடிங்கை மூன்று முறை செக் பண்ணுகிற ஆள். அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை... அடிக்கலாம் என்று கட்டைவிரல் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

காரியத்தன்று கட்டைப் பிரித்தால், முன்பக்கம் கோகிலா சிரிக்கிறாள். கடைசிப் பக்கத்தில், "புதுமனை புகுவிழாவுக்கு வருகை தந்த அனைவருக்கும் நன்றி."

வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ அடித்தது. பழைய ஃபைலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மாமனார் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். ப்ரூஃப் காட்டாமலா அடிப்பீர்கள் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என்ற தப்புங்க. காட்டாம அடிச்சுப்போட்டனுங்க" என்றார். வெள்ளைத் தாளும் பசையும் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக ஒட்ட உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் ஒரு புக்கை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒட்ட வேண்டாமுங்க. ஊடு கட்டோணும் ஊடு கட்டோணும்னே இருந்தா... புது ஊட்டுக்குத்தான போயிருக்கறா."

பதினாறு நாளில் முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். நானும்தான் என்று நினைக்கிறேன். ஒட்டாமலே கொடுத்தோம். என் மில் லாக்கரில் இன்னும் ஒன்று இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது.

பிற்பாடு, மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனிடம் போய் நின்றேன். "இப்ப எதுக்குங்க சாமி அந்தப் பாரம்? டீயைக் குடிங்க" என்றார். குடித்தேன். சொல்லவே இல்லை.

இன்று அவர் மகள் போனில் கேட்டாள். "அப்பா காரியத்துக்குப் புக்கு போடறமுங்கண்ணா. கடைசிப் பக்கம் காலியாக் கெடக்குது... நீங்க எழுதறீங்களா?"

எழுதி அனுப்பினேன்.

"கோகிலா புக்கில் வந்த தப்பு என்னுடையது. அர்த்தநாரி அண்ணன் ப்ரூஃப் காட்டினார். நான்தான் பார்க்கவில்லை."

மாமனாரும் காரியத்துக்கு வருவார். படிக்கட்டும்.

சாயங்காலம் ப்ரூஃப் வந்தது. பதினாறு பக்கமும் படித்தேன். ஒரே ஒரு எழுத்தில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

இப்ப அடிக்கலாமுங்க, அர்த்தநாரி அண்ணா... போய்ட்டு வாங்க.