இருநூறு அடிப் பூகோளம்

பூமியின் நடுவுக்கு ஏறக்குறைய நாலாயிரம் மைல். மனிதன் எவ்வளவு துளைத்தாலும் வெங்காயத்தின் மேல்தோலைக் கீறிய கணக்குத்தான். எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் பூகோள வாத்தியாராக இருந்த நான், நேற்றுத்தான் நடுவரைக்கும் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பியவன் போல இதை நடத்துவேன். நான் இறங்கியிருந்த அதிகபட்ச ஆழம் கிணற்றின் ஆறாவது படி. ஏழாவதில் பாசி.

பரளச்சியில் என் மனைவியின் அண்ணன் போர் போட்டபோது, படித்த மாப்பிள்ளை என்று என்னையும் வரச் சொன்னார். கிணறு வற்றி, பருத்தி வாடிக்கொண்டிருந்தது. நூற்றெண்பது அடி வரை வெறும் புழுதி. இன்னும் இருபது அடிக்குத்தான் குழாய் இருந்தது. போர்க்காரர் நுனியில் மழுங்கின துளைக்கும் பிட்டை மாற்றக் குழாய்களை வெளியே எடுத்தார். இன்னும் பத்தடி பார்த்துவிட்டு, இல்லையென்றால் அடுத்த வேலைக்குப் பந்தல்குடி கிளம்புவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆளில்லாத நேரம். பூமியின் உள்ளமைப்பை நேரில் பார்த்துவிடலாம் என்று முகக்கண்ணாடியால் வெயிலைக் குழிக்குள் திருப்பினேன். கல்யாணத்துக்கு மச்சான் போட்ட தங்கமுலாம் வாட்ச் என் குச்சிக் கையிலிருந்து வழுக்கி உள்ளே போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபடி ஓட்டியதும் புழுதியோடு மஞ்சளாகப் பளபளக்கிற தூள் வந்தது. போர்க்காரரே திகைத்துவிட்டார். மச்சான் அதை உள்ளங்கையில் ஏந்தி வந்து என்ன பாறை என்று கேட்டார். வாத்தியார் வாய், தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. ஒருவகைக் கனிமம், அடியில் ஈரம் இருந்தால்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை நம்பி, மிச்சக் குழாயையும் இறக்கச் சொன்னார் மச்சான்.

பிறகு தூளைக் கிளறியவர் நகமளவு வெள்ளைத் தகடு ஒன்றை எடுத்தார். அதில் கறுப்பாக எட்டு. என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, ஒங்க கனிமத்துல மணி எட்டாகுதே?”

உண்மையைக் கக்கினேன். ஈரம் கீரம் எல்லாம் புளுகு, நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். மச்சான் கத்தியது மிஷின் சத்தத்தில் போர்க்காரருக்குக் கேட்கவில்லை. கடைசிக் குழாய் பாதி இறங்கியிருக்கும். புழுதி நின்று, சேறு எங்கள் இருவர் மேலும் அடித்தது. பின்னாலேயே தண்ணீர்.

எங்கள் பக்கம் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. உப்பாக இருந்தால் பருத்தி கருகிவிடும். மச்சான் ஒரு கை ஏந்திக் குடித்தார்.

“உப்பில்ல மாப்ள,” என்றார். “லேசா வாட்ச்சு வாடதான் அடிக்குது.”