அருந்ததியின் கடும்பு

பொய். பச்சைப் பொய். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் அருந்ததி ஆஸ்பத்திரியில் காலை நீட்டிப் படுத்திருந்தாளாம்! மல்லாவிச் சந்தையில் கிளம்பிய கதை, தெருவைச் சுற்றி வருவதற்குள் அவளுக்குப் பாலே சுரக்கவில்லை என்று வால் முளைத்து நிற்கிறது. சொன்னவர்களில் ஒருத்தியாவது அந்த வாட்டுக்குள் கால் வைத்தாளா?

பிள்ளை மாதம் முந்திப் பிறந்துவிட்டது. உறிஞ்சக்கூடத் தெம்பில்லாத கோழிக்குஞ்சு. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தாதி ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

"கையால எடுத்துத் தாங்கோ. நாங்கள் துளித்துளியாப் பருக்கிறம்."

அருந்ததிக்கா கறக்கத் தெரியாது? உதைக்கிற மாடும் அவள் கை பட்டால் அடங்கி நிற்கும். அந்தக் கெட்டித்தனமே வினையாயிற்று. பசுவின் மடியில் இழுப்பதுபோல் காம்பைப் பிடித்து இழுத்தாள். வலியில் கண் இருண்டதுதான் மிச்சம்.

தாதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அக்கா, மாடெண்டு நினைச்சியளோ? இழுக்காதேங்கோ. கறுப்பு வட்டத்துக்குப் பின்னால விரலை வையுங்கோ. நெஞ்சுப் பக்கமா அமத்திப் போட்டு, ரெண்டு விரலையும் சேர்த்து அமத்துங்கோ. விட்டிட்டுத் திரும்பவும் அப்பிடியே."

அமத்தினாள், விட்டாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துளி வந்து நின்றது. மஞ்சளாய், தேன்போலத் தடிப்பாய்.

பக்கத்தில் நின்ற மாமியார் விமலேஸ்வரி முகத்தைச் சுளித்தார். "சீ, பழுதான பால், பிள்ளை. ஊத்திப் போட்டு, வெள்ளைப் பால் வந்தாப் பிறகு குடுப்பம்."

அருந்ததி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மாமி, எங்கட சிவலைப் பசு கண்டு போட்டா, முதல் கறக்கிற மஞ்சள் பாலை, அந்தக் கடும்பை ஊத்துறனீங்களோ?"

"அதை ஆர் ஊத்துறது? கண்டு குடிச்ச மிச்சத்தை நாங்கள் சீனி போட்டு அவிச்சுத் தின்னுறனாங்கள்."

"கண்டு குடிக்காட்டி?"

"கண்டு எழும்பாதெல்லோ!"

சொன்ன பிறகுதான் மாமிக்குத் தன் வாயிலிருந்து வந்தது விளங்கியது.

"இது என்ர கடும்பு, மாமி. என்ர கண்டு இன்னும் எழும்பேல்லை."

மாமி சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மருமகளுக்கு ஒத்தடம் வைத்தார். அதற்குப் பிறகு கிண்ணம் ஏந்தியது அவர்தான். விரல் மரத்துப் போகும்வரை அருந்ததி அமத்தினாள். கிண்ணத்தின் அடி நனைந்ததற்கே இருவர் முகத்திலும் கல்யாணக் களை. அந்தப் பாலில் முதல் துளி வாயில் விழுந்ததும் பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டியது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அருந்ததி அதைத் தன் கண்ணாலே கண்டாள்.

பால் மெல்ல வெளுத்தது. பிள்ளையும் தேறி, தாய் மார்பைத் தானே பிடித்துக் குடித்தது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, புருசன் ஜனார்த்தனன் ஓட்டோவோடு வெளியே காத்து நின்றான். கதவடியில் ஊர்க்காரி ஒருத்தி பிள்ளையை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தேறியிருக்கு. என்ன பால்மா குடுத்தனீ?"

"கடும்பு," என்றாள் அருந்ததி.

ஊர்க்காரி வாயைப் பிளந்து நிற்க, அருந்ததி பிள்ளையை வாங்க மாமி நீட்டிய கையையும் விலக்கிவிட்டு, தன் கன்றைத் தானே தூக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து கதவைத் தாண்டி நடந்தாள்.