கடல் மூடிய இடத்தில் எங்கள் லயம்

எண்பதுகளின் நடுவில், பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஆண்டிறுதி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். கோலா கிளாவாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டத்து லோரியில் ஏறித்தான் உள்ளே வர வேண்டும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து முனையில் லோரி திரும்பியபோதே கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மலைக்கு அடிவாரத்தைக் காணோம்.

புது லோரிப் பாதைக்காக புல்டோசர் விட்டு வெட்டியிருந்தார்கள். எங்கள் சமையலறையையும் கோழிக்கூட்டையும் தாண்டினால், ஒரு தென்னை உயரத்துக்குப் பாறை நேர்ச்சுவராக நின்றது. பையை வாசலில் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போனேன்.

முதலில் சந்தோஷம்தான். இப்படி ஒரு வெட்டுமுகத்தைக் காட்டுவதற்காக எங்கள் விரிவுரையாளர் எங்களை அரை நாள் பஸ்ஸில் கூட்டிப்போயிருக்கிறார். இங்கே எங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது! சாம்பல் நிறத்தில், மீன் செதில் மாதிரி மினுங்கிக்கொண்டு, ஏடு ஏடாகப் பிரியும் பாறை. நடுநடுவே வெள்ளைக்கல் நரம்புகள். ஓரிடத்தில் அந்த ஏடுகள் கசக்கிப் போட்ட சேலையாக மடிந்து கிடந்தன. நிலமும் நிலமும் மோதிய இடத்தில்தான் பாறை இப்படிக் கசங்கும்.

ஏடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். ஒன்றின்மேல் உள்ளங்கையைப் படிய வைத்தேன். விரல் நுனிகள் சரிந்து எங்கள் சமையலறைக் கூரையைக் காட்டின. ஏடுகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஏடுகள் வழுக்கினால் நேராக எங்கள் வீட்டின்மேல்தான்; கூரைவரை காலடியால் அளந்து பார்த்தேன்.

அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். அம்மா இல்லை. அண்ணன் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாளில் மட்டும் மோட்டாரில் வருவான். வீட்டில் அப்பாவும், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் அண்ணியும், அவருடைய கைக்குழந்தையும்தான்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன்.

“அப்பா, பின்னாடி வெட்டுனது சரியில்ல. மழை விடாம பெஞ்சா மலை இறங்கிடும்.”

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “அது கல்லும்மா. கல்லு எங்க இறங்கும்?” என்றார்.

“இப்ப கல்லு. ஒரு காலத்துல அது சேறு. கடலடியில கிடந்த சேறு.”

“கடலா? கடலு போர்டிக்சன்லல்ல இருக்கு?”

தட்டை நகர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் தரையில் வைத்துக் காட்டினேன். ஒரு கை நாங்கள் இருக்கும் மேற்குத் துண்டு, மற்றது பகாங் பக்கத்துக் கிழக்குத் துண்டு. நடுவில் பெரிய கடல். மேற்குத் துண்டு தெற்கே எங்கோ இருந்த பெருங்கண்டத்திலிருந்து பிய்ந்து வந்தது. இடையில் இருந்த கடல்தரை கிழக்குத் துண்டின் அடியில் போய் அமிழ்ந்தது. அது உள்ளே போகப் போக, அதன்மேல் கிடந்த சேற்றைக் கிழக்குத் துண்டின் விளிம்பு வழித்துக் குவித்தது. கடைசியில் கடல் மூடிக்கொண்டது, நிலங்கள் முட்டிக்கொண்டன. இடையில் சிக்கிய சேறு நசுங்கி, வெந்து, ஏடு ஏடாயிற்று. முட்டிய இடத்தில் நிலம் தடித்து, ஆழத்தில் பாறை உருகி, மேலே ஏறி ஆறி உறைந்தது. அதுதான் நாட்டின் முதுகெலும்பு மாதிரி ஓடும் பெரிய மலைத்தொடர். இதெல்லாம் நடந்து இருபது கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து மழை அரித்து அரித்து, ஆழத்தில் இருந்தவை இன்று மலையாக வெளியே நிற்கின்றன. கடல் மூடிய கோடு சரியாக எங்கே போகிறது என்று எங்கள் விரிவுரையாளர்களுக்குள்ளேயே சண்டை. எங்கள் லயம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த அண்ணி கேட்டார்: “ரெண்டு நிலமும் முட்டிக்கிட்டப்ப சத்தம் கேட்டிருக்குமா?”

“நிலம் அதிர்ந்திருக்கும் அண்ணி. ஆனா நகர்றது என்னமோ நகம் வளர்ற வேகத்துலதான்.”

“அத்தன காலமா நின்ன மலை, நீ லீவுல வந்த நேரம் பாத்தா விழப்போவுது?” என்றார் அப்பா.

“கீழ இருந்த கல்லுதாம்ப்பா மேல இருக்கறதத் தாங்கிச்சு. அதத்தான் வெட்டி எடுத்துட்டாங்க.”

“தொரை எஞ்சினியர வெச்சுத்தான் வெட்டியிருப்பாரு. நீ இன்னும் படிச்சு முடிக்கல.” கையைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

அண்ணியின் நிரை, அதாவது அவர் பால் வெட்டும் மரங்கள், அந்த மலைக்கு மேலேதான். மறுநாள் காலையில் அவரோடு ஏறினேன். வெட்டுக்கு நேர் மேலே இருந்த மரங்களிடம் வந்ததும் அண்ணி நின்றார். “இங்க பாரு. இந்தப் பத்தியில மட்டும் மங்கு நெறையறதுக்குள்ள பால் ஒரு பக்கமா வழியுது. மங்குக் கம்பிய நாலு தடவ சரி பண்ணிட்டேன் லா. மறுபடியும் சாயுது.”

சாய்ந்தது பால் பிடிக்கும் மங்கு அல்ல, மரம். சருகை விலக்கிப் பார்த்தேன். மரங்களுக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு, மலையின் குறுக்கே வளைந்து போனது. என் விரல் அதற்குள் போயிற்று. இரண்டு பக்கமும் குச்சி நட்டுவிட்டு வந்தோம். மூன்று நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அண்ணியின் முழுக்கையும் உள்ளே போயிற்று. அவர் கையை வெளியே இழுத்துக்கொண்டு, “வா, ஆபிசுக்குப் போலாம்” என்றார்.

அப்பா தொரை என்று சொல்லும் மேனேஜர் கெட்டவர் அல்ல. எங்களை உட்காரச் சொன்னார், நான் வரைந்து காட்டியதைப் பார்த்தார். பாதை வெட்டிய குத்தகைக்காரர் பயமில்லை என்று சொல்லியிருப்பதாகவும், விடுமுறை முடிந்ததும் எஞ்சினியரை வரச்சொல்வதாகவும் மலாயில் சொன்னார். “அதுவரைக்கும் ஆள்களைப் பயமுறுத்தாதே.” வெளியே வந்தால் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்தே மழை. மழை நாளில் பால் வெட்டு கிடையாது. மற்ற நாளாக இருந்தால் காலையில் லயம் காலியாகக் கிடக்கும். மலை இறங்கத் தோதான நாளில்தான் எல்லாரும் அதன் காலடியில் படுத்துக் கிடந்தார்கள்.

மதியத்துக்கு முன் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பாறை இடுக்கில் அதுவரை தெளிவாக வந்த தண்ணீர் கலங்கி, காப்பி நிறத்தில் பீச்சியடித்தது. சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்தன. கோழிகள் எல்லாம் முன்வாசலுக்கு வந்துவிட்டிருந்தன.

வீடு வீடாக ஓடினேன். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் கொட்டகைக்குப் போனவர்கள் சிலர். “மண்டோர் வீட்லயே போகலையேம்மா” என்று கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம்.

நனைந்து வீட்டுக்குள் வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, எழுந்திரிங்க. தண்ணி கலங்கிருச்சு.”

“நான் எழுந்து போனா லயமே எழுந்து போயிரும். அப்பறம் ஒன்னும் நடக்கலேன்னா? தொரை மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

அண்ணி குழந்தையோடு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். “மாமா, நீங்க வரலேன்னா நானும் போகல. ஒங்க பேரனும் இங்கதான் இருப்பான்.”

அப்பா குழந்தையைப் பார்த்தார். பின்பக்கம் கோழிக்கூட்டின் தகரத்தில் ஒரு கல் விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்பா எழுந்தார். குடையைக்கூட எடுக்கவில்லை. லயத்துக்கு முன்னால் மழையில் போய் நின்று, விடியற்காலையில் கூப்பிடும் அதே குரலில் கத்தினார்:

“பெரட்டு! பெரட்டு! எல்லாம் களத்துக்கு வா!”

கதவுகள் திறந்தன. எதற்கு, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கைலியோடும் தலையில் துண்டோடும் வந்தார்கள், தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் குரலுக்கு அவர்களுடைய கால்கள் பழகியிருந்தன. லயத்தை விட்டுத் தள்ளியிருந்த களத்தில், கோயில் கொட்டகைக்குப் போனவர்களும் வந்து சேர, அப்பா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒரு பேருக்கு மட்டும் பதில் இல்லை. கடைசி வீட்டில் தனியாக இருந்த, காது கேட்காத ஸ்டோர்க்காரர்.

அப்பா ஓடினார். பின்னால் போன என்னை அண்ணி சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அப்போது மேலே வேர்கள் அறுபட்டன. யாரோ மலைக்குள் இருந்து துணி கிழிப்பது மாதிரி சத்தம். ரப்பர் மரங்கள் நின்றவாக்கிலேயே கீழே வந்தன. விழவில்லை, நடந்து வந்தன. அவற்றின் அடியில் சாம்பல் நிறப் பாறை பலகை பலகையாக வழுக்கி இறங்கியது. சமையலறை வரிசை மடங்கி உள்ளே போயிற்று. லயம் முழுவதும் ஒருமுறை குலுங்கியது.

தூசி எழவில்லை, மழையில் எல்லாம் சேறு. அதற்குள் அப்பா எங்கே என்று தெரியவில்லை. அண்ணி என் சட்டையை விடவே இல்லை. நான் கத்தினேனா, தெரியாது. கடைசி வீட்டின் முன்கதவு பாதி உடைந்து சாய்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு கை வெளியே வந்தது. ஸ்டோர்க்காரரின் அக்குளைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு அப்பா வந்தார். ஸ்டோர்க்காரருக்குக் கால் முறிந்திருந்தது. அப்பாவுக்கு நெற்றியில் காயம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். சேற்றைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு, பெரட்டுக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டார்.

“நான்தாங்க தொரை” என்றார் அப்பா.

மேனேஜர் ஜீப்பில் ஏறிப் போனார். சில மாதங்கள் கழித்து அப்பாவை மண்டோர் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அண்ணன் வந்து அண்ணியையும் குழந்தையையும் செனாவாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். அப்பா அவர்களோடு போக மாட்டேன் என்றுவிட்டார்.

ஆற்றுப் பக்கம் சமதரையில் புது லயம் கட்ட இடம் பார்த்தபோது, ஆள்கள் ஒரே பிடிவாதமாகச் சொன்னார்களாம்: மண்டோர் மகள் வந்து பார்த்த பிறகுதான் குடியேறுவோம். அடுத்த விடுமுறையில் போனேன். நான் அந்த இடத்தைச் சுற்றி நடந்தேன், மண்ணைத் தோண்டிப் பார்த்தேன், மேட்டுப் பக்கம் ஏறி இறங்கினேன். பெண்கள் கொஞ்ச தூரத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரும் ஜீப்பில் சாய்ந்து நின்றார். தோண்டிய இடத்தையே இன்னொரு முறை தோண்டிப் பார்த்தேன்.

“இங்க கட்டலாம்” என்றேன். “கிழக்கு மூலையில மட்டும் ஊத்து இருக்கு. அங்க வேணாம்.”

கிழக்கு மூலையைத் தள்ளித்தான் கட்டினார்கள். இன்றைக்கும் அந்த மூலையில் வாழை மட்டும்தான் நிற்கிறது.