தவக்காலத்தில் விட்ட சுருட்டு

நான் குளிசை போடுகிறவன். தலையிடிக்கோ காய்ச்சலுக்கோ அல்ல, இல்லாத குரல்கள் காதில் கேட்கிற வருத்தத்துக்கு. நெடுந்தீவில் மாடு வைத்திருக்கிற, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற, ஊர்ச் சண்டையில் தேவையில்லாமல் வாயைக் கொடுக்கிற ஒரு சாதாரண மனிதனுக்கும் இந்த வருத்தம் வரும். எனக்கு வந்தது. மனநல வைத்தியர் பல மருந்துகளை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு குளிசையில் என்னை நிலைக்க வைத்தார். அதைப் போடுகிறவர்கள் ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும். அதற்காகப் படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குப் போய்வருவேன்.

ஒருமுறை, சுகமாகிவிட்டேனே, இனி எதற்கு என்று குளிசையை நானாகவே நிறுத்திப் பார்த்தேன். குரல்கள் திரும்பி வந்தன. மாடுகளைக் கட்டின கயிற்றிலேயே விட்டுவிட்டுக் கடற்கரை முழுக்க அலைந்தேனாம். நாலு பேர் பிடித்து, கையைக் கட்டிப் படகில் ஏற்றினார்கள். இறங்குதுறையில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்கும் மனைவிக்கும் இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது.

குளிசையைப் பற்றி எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை சுருட்டைப் பற்றித்தான். காலையில் மாடு அவிழ்க்கும்போது ஒன்று பற்றவைத்தால், பொழுதுபடும்வரை என் வாயில் புகை ஓயாது. மனைவிக்கு அந்த மணமே ஆகாது. சேலையில் மணக்குது, தலையணையில் மணக்குது, சோற்றிலும் மணக்குது என்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நடக்கிற போர் அது. ஒருநாளும் அவள் வென்றதில்லை.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் ஏதாவது ஒன்றை ஒறுப்பார்கள். சிலர் மீன் இறைச்சியை விடுவார்கள், சிலர் கள்ளை விடுவார்கள். என்ன ஒறுத்தல் என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. சொன்னால் அதன் பலன் போய்விடும் என்பது எண்ணம். அந்த வருடம் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, சுருட்டை விடப்போகிறேன் என்று மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீரில் சீனி கூட.

முதல் சில நாட்கள் நரகம். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. அதைத் தாண்டியபின் வேறொன்று தொடங்கியது. விடிந்து வெகுநேரம் ஆகியும் எழும்ப முடியவில்லை. எழும்பினால் தலை சுற்றியது. வாயிலிருந்து வீணீர் வடிந்து தலையணை தெப்பமாக நனைந்தது. ஒருநாள் காலை பால் கறக்கக் குந்தியவன் மாட்டோடு சாய்ந்து அப்படியே தூங்கிப்போனேன். மாடு நல்ல மாடு, உதைக்கவில்லை.

மனைவியின் தமையன் அன்று வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊரில் வைத்தியம் சொல்லாத ஆளைக் காண்பது கஷ்டம், அந்த வைத்தியர்களில் என் மச்சான் பெரியவன். என் கோலத்தைப் பார்த்ததும் முடிவைச் சொல்லிவிட்டான்.

“உந்தக் குளிசைதான் உன்னைத் தின்னுது. இவ்வளவு வருசமும் போட்டது உடம்பில சேர்ந்துபோச்சு. இண்டையோட நிப்பாட்டு.”

மனைவி மெல்ல, “ரெண்டு நாளைக்கு விட்டுப் பாப்பமே?” என்றாள்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த ஆசை வந்தது. நிமிர்ந்து இருக்க ஏலாதவனுக்கு, நிறுத்து என்கிற சொல் எவ்வளவு இனிப்பாக இருக்கும்! ஆனால் பயம் அதைவிடப் பெரிது. “நிப்பாட்டினால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்” என்று மனைவியிடம் கத்தினேன். கத்தவும் பலம் இருக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசிய தாதி, தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்று சொல்லி, வைத்தியரிடம் கேட்டுவந்து, அன்றிரவுக் குளிசையில் பாதியை மட்டும் போட்டு மறுநாள் காலையிலேயே வரச் சொன்னாராம்.

படகில் துவாயை வாயில் பிடித்துக்கொண்டு மனைவியின் தோளில் சாய்ந்து போனேன். கடற்காற்று எனக்காகவே வீசியது, ஆனாலும் கண் திறக்கவில்லை.

வைத்தியர் என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார், நாடி பிடித்தார், இரத்தம் எடுப்பித்தார். காய்ச்சல் உண்டோ, தொண்டை நோ உண்டோ, வயிற்றால் ஒழுங்காகப் போகிறதோ என்று விசாரித்தார். பிறகு, “புதுசா ஏதும் மருந்து எடுத்தனீங்களோ? நாட்டு மருந்து? குளிசையைக் கூட்டிப் போட்டனீங்களோ? சாப்பாடு, தேத்தண்ணி ஏதும் மாறினதோ?” என்று கேட்டார்.

“ஒண்டும் மாறேல்லை டொக்டர்” என்றேன். மனைவியும் தலையாட்டினாள். இரண்டு பேரும் மறைக்க நினைக்கவில்லை. ஆண்டவருக்கு ஒறுத்துக்கொடுத்த ஒன்று குளிசைக்கு உறவு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வைத்தியர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

“ஐயா, முந்தி நீங்கள் உள்ள வந்தால் இந்த அறை முழுக்கச் சுருட்டு மணக்கும். இண்டைக்கு மணக்கேல்லை.”

எனக்கு வெட்கமாகிப்போனது. மனைவிதான் சொன்னாள். “தவக்காலம் டொக்டர். ஒறுத்தல். நான்தான் சந்தோசப்பட்டுக்கொண்டு திரிஞ்சனான்.”

வைத்தியர் சிரிக்கவில்லை. நிதானமாக விளங்கப்படுத்தினார். சுருட்டுப் புகை இந்தக் குளிசையை உடம்பிலிருந்து கெதியாகக் கழித்துவிடுமாம். நான் நாள் முழுக்கப் பற்றுகிறவன் என்பதால்தான் அளவு கூட்டி வைக்கப்பட்டிருந்தது. புகை நின்றதும் அதே குளிசை இரத்தத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூடுதலாக ஒன்றும் போடாமலே, கூடுதலாகப் போட்டவனாக ஆகியிருக்கிறேன்.

“விட்டது நல்ல காரியம். ஆண்டவருக்குச் சொன்னீங்கள், எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துப் பார்த்து, அளவைக் குறைத்து எழுதினார். நாங்கள் புறப்படும்போது அவர் சொன்னது இன்னும் முக்கியமானது. “உயிர்த்த ஞாயிறோட சுருட்டைத் திருப்பித் தொடங்கினால், இந்த அளவு போதாமல் போகும். குரல் திரும்பி வரலாம். சுருட்டுப் பத்தினாலும் எனக்குச் சொல்லுங்கோ, விட்டாலும் சொல்லுங்கோ. நீங்களாக ஏத்தி இறக்க வேண்டாம்.”

கொஞ்சம் கொஞ்சமாக என் காலைப்பொழுது எனக்குத் திரும்பக் கிடைத்தது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் கடைசித் தலம்வரை நடந்தேன். தலை சுற்றவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து, ஒறுத்தவர்கள் எல்லாம் விட்டதைத் தொடங்குகிற நேரம். மச்சான் வீட்டுக்கு வந்து, இறைச்சிக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, மடியிலிருந்து இரண்டு சுருட்டு எடுத்தான். ஒன்றை என் கையில் வைத்தான். “தவக்காலம் முடிஞ்சுது, இந்தா.”

அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வாயூறியது. கையிலிருந்ததை வைக்கவும் மனமில்லை, பற்றவும் துணிவில்லை. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சண்டையைத் தொடங்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு ஏலாமல் இருந்தால் பத்துங்கோ” என்றாள். “முதல் டொக்டருக்குச் சொல்லுவம். அவர் அளவைச் சரிபண்ணட்டும், பிறகு பத்துங்கோ. வீடு முழுக்க மணக்கட்டும், நான் இனிச் சண்டை பிடிக்கமாட்டன்.”

மச்சான் வாயில் வைத்த சுருட்டை எடுத்துவிட்டான். அவள் குரல் அதற்குள் உடைந்துவிட்டது.

“அந்த முறை குளிசையை விட்டபோது, என்னை ஆரெண்டு தெரியாமல் பாத்தீங்கள். ‘இந்த மனிசி ஆர்?’ எண்டு அண்ணையிட்டைக் கேட்டீங்கள். அது எனக்கு இன்னொருக்கா ஏலாது.”

நான் அப்படிக் கேட்டது எனக்கு அன்றுவரை தெரியாது. இத்தனை வருடமும் அவள் அதைச் சொல்லவே இல்லை.