வெட்டின காசும் உடைந்த தாடையும்

என் தாடை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து முறிப்பது போல. ஐம்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். எனக்குப் பத்தொன்பது வயசு. அம்மனை நம்பும் உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறி, நானும் அம்மாவும் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கப் போவோம். அதற்கு மூன்று வருஷம் முன்பே என் வலது தாடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. சூடு போட்டால் கட்டி கரையும் என்று ஊரில் விரலி மஞ்சளைத் தணலில் சுட்டு, நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, கன்னத்தில் மூன்று இழுப்பு இழுத்தார்கள். தோல் வெந்ததுதான் மிச்சம். பெண் பார்க்க வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்று முதல் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டேதான் திரிந்தேன்.

"வெல்லக்கட்டிய அதக்கி வச்சிருக்கியே, எங்களுக்கும் ஒரு கடி குடு ஆத்தா" என்று கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள்.

காய் களவு போகக் கூடாது என்று, சாயங்காலம் இறங்கும்போது கங்காணி ஒவ்வொருத்தியையும் நிறுத்தி மடியை உதறச் சொல்வார். வாயில் அதக்கிக்கொண்டு போய் மாட்டியவர்களும் உண்டு. அன்றைக்கு நின்றவர் புதுக் கங்காணி. என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

"முந்தானைய எடு."

வெட்கத்தில் இன்னும் இறுக்கி மூடினேன். பிடுங்கி எறிந்தார்.

"கன்னம் நெறையக் காய அதக்கிக்கிட்டு நிக்கிறா பாரு. துப்புடி!"

"அய்யா, அது கட்டிய்யா! வியாதிக்காரப் புள்ளய்யா!" என்று அம்மா ஓடிவந்தாள். அவளைத் தள்ளிவிட்டார். நான் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். கைத்தடியின் பிடியால் அந்த வலது கன்னத்தில் ஓங்கி ஒரு அடி. துப்பினேன். இரத்தமும் இரண்டு பல்லும் விழுந்தன. காய் ஒன்றுகூட இல்லை.

கம்பளியில் தூளி கட்டி என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். அண்ணன் பார்த்தான். அரிவாளை எடுத்தான்.

"அந்தக் கைய வெட்டிக் கொண்டாந்து உன் காலடியில போடுறேன் தாயி!"

பேச வாய் வரவில்லை. அவன் காலைக் கட்டிக்கொண்டேன். வாசல் வரை என்னை இழுத்துக்கொண்டே போனான். அவன் வேட்டியெல்லாம் என் இரத்தம்.

"நீ செயிலுக்குப் போயிட்டா இவள யாருடா பாப்பா?" என்று அம்மா மறித்தாள். "காளி கேக்கட்டும்டா!"

மலையடிவாரத்துக் காளி முன்னால் காசு வெட்டிப் போட்டோம். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி, காசை உளியால் இரண்டாக வெட்டிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டியவரே வந்து வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தச் சாபம் மாறும். உளியை நான் அடித்தேன். எனக்காக அம்மா சொன்னாள். "அவன் கை அழுகணும்." நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் அதைவிட மோசமாகக் கேட்டேன்.

மறுநாள் ரயிலேறி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகை படிந்த கண்ணாடி மாதிரி ஒரு இடம் தெரிந்தது.

"நல்ல எலும்பு இந்த அடிக்கு இப்படி உடையாதும்மா. ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். புற்றா இருந்தா தாடையவே எடுக்க வேண்டிவரும்."

எதிர்க் கட்டிலில் தாடை எடுத்த ஒரு அம்மாள் படுத்திருந்தார். ஓயாமல் எச்சில் வடியும். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். பேசினால் யாருக்கும் விளங்காது. நானும் இப்படி ஆகிவிடுவேனோ என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நேர்ந்துகொள்ள என்னிடம் வேறு ஒன்றும் இல்லை; மனசுக்குள் காளியிடம் மன்றாடினேன். "ஆத்தா, என் வாயை எனக்குக் கொடு. அந்த வாயால் பேசும் முதல் பேச்சு, வெட்டின காசை மாற்றுகிற பேச்சாக இருக்கும்." மனசாரச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லக்கூட உடைந்த தாடை இடம் கொடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டர் வந்தார். "புற்று இல்லம்மா. எலும்பு இருக்க வேண்டிய இடத்துல நார் வளந்திருக்கு. சில பேருக்கு இப்படி வரும். சாபமும் இல்ல, பேயும் இல்ல." அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள்.

தாடையைத் திறந்து, கெட்டதைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி அந்தக் குழியில் வைத்தார்கள். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் கஞ்சிதான். அதுவும் அந்த அடியில் பல் விழுந்த சந்து வழியாகத்தான் இறங்கியது.

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா முறுக்கு கடிச்சாலே ஒடஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். அந்தப் பேச்சு என்னைத் தூங்க விடவில்லை. மஞ்சள் சூட்டோடு வீட்டிலேயே கிடந்திருப்பேன். அந்த அடி விழுந்ததால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதற்காக அடித்தது நியாயம் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

கம்பியை எடுத்த பிறகும் ஊர் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. நேரே காளியிடம் போனேன். எதற்கு வந்தோம் என்று அம்மாவிடம் கையைக் காட்டியே புரியவைத்தேன்.

"தாடைய ஒடச்சவனுக்கு வக்காலத்தா? நல்லாருக்குடி கூத்து!" என்றான் கூட வந்திருந்த அண்ணன்.

வெட்டின காசின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். நாக்கு குழறியது. "ஆத்தா, அவன் கைய விட்டுரு." அதுதான் என் புது வாயின் முதல் பேச்சு. சொன்னதும் கதறிவிட்டேன். அண்ணன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த பருவத்தில் மறுபடி காய் பறிக்கப் போனேன். சோதனைக்கு அதே கங்காணி. அழுகாத அதே கை. அவர் கேட்கும் முன்பே நான் முந்தானையை எடுத்துத் தழும்பைக் காட்டினேன். கைத்தடியைக் கீழே வைத்தார். "போ ஆத்தா" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் முகத்தை மூடியதில்லை. கட்டியும் திரும்ப வளரவில்லை. உங்களுக்கும் ஆற்ற முடியாத கோபம் இருக்கும். அதோடேயே காளியிடம் போங்கள், அவள் தாங்குவாள். ஆனால் உடம்புக்கு ஒன்றென்றால் மஞ்சளைச் சுடாதீர்கள், வெரசா டாக்டரிடம் போங்கள். அங்கேயும் அவள்தான் கூட இருந்தாள். இன்றைக்கும் முதல் உருண்டைச் சோற்றை இந்த வலது பக்கத்தில்தான் மெல்லுகிறேன், அவள் பேரைச் சொல்லி.